ப்ராடக்ட் மேனேஜர் வேலை சுருங்குகிறது: ஜோஹானஸ்பர்க்கில் இருப்பவர் எந்தப் பக்கம் நகர்வது?

காத்திருப்பதா, மாறுவதா, ஊருக்கே திரும்பிவிடுவதா? ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய மிட்ராண்ட், ஃபோர்வேஸ் பக்கம் குடியிருக்கும் நம் ப்ராடக்ட் மேனேஜர்கள் (ஒரு மென்பொருளில் எதைச் செய்வது என்று தீர்மானிப்பவர்கள்) இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. ஒருவருக்கு ஆட்குறைப்புக் கடிதம் வந்திருக்கும். இன்னொருவருக்கு வேலை இருக்கும், ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்த ப்ராடக்ட்டையும் சேர்த்து அவர் தலையில் கட்டியிருப்பார்கள். வேலை விளம்பரங்களில் அந்தப் பதவிப் பெயர் அவ்வப்போது கண்ணில் படுகிறது. உள்ளே போய்ப் படித்தால் பாதி ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை, மீதி டேட்டா அனலிஸ்ட் வேலை, சம்பளம் மட்டும் ஒருவருடையது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாவில், குடும்பத்தோடு இங்கே இருப்பவருக்கு, ஒரு வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ தேவைகளைக் கேட்டு எழுதும் பிஸினஸ் அனலிஸ்டாகவோ, அணியின் வேலைப் பட்டியலைப் பார்க்கும் ப்ராடக்ட் ஓனராகவோ போய் உட்காருவதுதான் பெரும்பாலும் நல்லது. பதவிப் பெயர் ஒரு படி இறங்கும், இறங்கட்டும். ஆனால் எல்லோருக்கும் இந்த வழி திறந்திருக்காது. திறந்திருந்தாலும் சிலர் எடுக்கக் கூடாது. அது யார் யார் என்று பார்த்தால்தான் மற்ற வழிகளின் பலமும் தெரியும்.

எங்கே சுருங்கியது

2020, 2021-ல் பணம் மலிவாகக் கிடைத்தது. தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 3.5 சதவீதம் வரை இறங்கியிருந்தது. அமெரிக்காவில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆப்பில் ஒரு பொத்தானுக்கு ஒரு அணி, அந்த அணிக்கு ஒரு ப்ராடக்ட் மேனேஜர் என்று ஆள் எடுத்தார்கள். 2021 நவம்பரில் இங்கே வட்டி ஏறத் தொடங்கி 2023 மே மாதம் 8.25 சதவீதத்தில் போய் நின்றது. அமெரிக்காவில் 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த செய்திகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரை அனுப்பியது, அடுத்த மார்ச்சில் இன்னும் 10,000 இடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. ஸ்னாப்சாட் ஆப்பை நடத்தும் ஸ்னாப் 2023 நவம்பரில் சுமார் 20 ப்ராடக்ட் மேனேஜர்களை நீக்கியது. எண்ணிக்கை சின்னது, ஆனால் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: முடிவுகள் வேகமாக எடுக்கப்பட வேண்டுமாம். வேகம் கூட்டத்தான் இந்தப் பதவியே வந்தது என்று நாம் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்க வங்கியான கேபிடல் ஒன் 2023 ஜனவரியில் அஜைல் (சின்னச் சின்னக் கட்டமாக மென்பொருள் செய்யும் முறை) சம்பந்தப்பட்ட 1,100-க்கும் மேற்பட்ட இடங்களை ஒரே வீச்சில் எடுத்துவிட்டு, அந்த வேலையை என்ஜினியர்களிடமும் ப்ராடக்ட் மேனேஜர்களிடமும் பிரித்துக் கொடுத்தது. அமேசான் 2024 செப்டம்பரில், மேலாளர்களோடு ஒப்பிட்டால் நேரடியாக வேலை செய்பவர்களின் விகிதத்தைக் குறைந்தது 15 சதவீதம் கூட்டச் சொன்னது. இவற்றில் எதுவும் ப்ராடக்ட் மேனேஜர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் நின்று தகவலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கடத்துபவர் வேண்டாம் என்று சொல்கின்றன. நம்மில் பலருடைய நாள் அந்தக் கடத்தலிலேயே கழிகிறது என்பது வேறு விஷயம்.

எதிர்வாதமும் உண்டு. மென்பொருள் கோடு எழுதுவது செயற்கை நுண்ணறிவால் வேகமாகிவிட்டதால் எதைச் செய்வது என்று தீர்மானிப்பதுதான் இனி முட்டுக்கட்டை என்று செயற்கை நுண்ணறிவு நிபுணர் ஆண்ட்ரூ இங் 2025-ல் பேசினார். ஒரு என்ஜினியருக்கு இரண்டு ப்ராடக்ட் மேனேஜர் என்று கேட்ட அணியையும் உதாரணம் காட்டினார். நான் அதை மறுக்கவில்லை. தீர்மானிக்கும் ஆள் வேண்டும்தான். ஆனால் அந்த இடத்தில் ப்ராடக்ட் உணர்வுள்ள ஒரு என்ஜினியரே வந்து உட்கார்ந்துவிட்டால் நம்மை யார் கேட்கப் போகிறார்கள்?

இங்கே 2024 செப்டம்பரிலிருந்து வட்டி இறங்கி, 2025 நவம்பரில் 6.75-க்கு வந்தது. இதை வைத்து ஆள் சேர்ப்பும் பழையபடி ஆகிவிடும் என்று கணக்குப் போடுபவர்களை நம்பி நான் வீட்டு வாடகையைப் பணயம் வைக்க மாட்டேன். குறைந்த ஆளோடு ஓட்டிப் பழகிய நிறுவனம் பணம் கையில் வந்ததும் முதலில் நடு அடுக்கை நிரப்பாது.

முதலில் விசாத் தாளை எடுங்கள்

வேலைச் சந்தையைப் பற்றி எத்தனை பேசினாலும் நம் விஷயத்தில் பாதியை முடிவு செய்வது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு தாள்தான்.

சென்னை, பெங்களூரு கம்பெனிகள் அனுப்பி இங்கே வந்தவர்கள் பலரும் நிறுவன உள்மாற்ற விசாவில் இருக்கிறார்கள். ஐசிடி என்று நாம் சொல்வது. அதிகபட்சம் நான்கு வருடம், நீட்டிப்பு கிடையாது, அனுப்பிய நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். இவர்களுக்கு வங்கிக்குத் தாவுவது என்பது வேறு வகை விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்பது. நான்காவது வருடத்தில் இருப்பவர் இந்தக் கட்டுரையில் சென்னை பற்றிய பகுதிக்கு நேரே போய்விடலாம்.

கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாக்காரர்களின், அதாவது நாட்டில் பற்றாக்குறையான திறனுக்காக விசா வாங்கியவர்களின் சிக்கல் வேறு. ஐந்து வருடம் வரை கிடைக்கும், ஆனால் ஒரு குறிப்பிட்ட தொழிலுக்காகக் கிடைத்தது. நம்மில் நிறையப் பேர் மென்பொருள் உருவாக்குநராக விண்ணப்பித்து வந்து, இரண்டு மூன்று வருடத்தில் ப்ராடக்ட் பக்கம் நகர்ந்தவர்கள். புது வேலைக்குப் போகும்போது, தாளில் உள்ள தொழிலும் ஆஃபர் லெட்டரில் உள்ள பதவியும் ஒத்துப்போகிறதா என்று கேள்வி வரும். கையெழுத்துப் போடும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் இரண்டையும் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் பிற்பாடு மிச்சமாகும் தலைவலிக்கு முன்னால் ஒன்றுமில்லை.

1860-ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் வந்து இறங்கியவர்களின் வழிவந்த தமிழர்களுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. அவர்கள் குடிமக்கள். டர்பன் பக்கத்து அம்ஹ்லாங்காவில் வேலை போனால் கேப் டவுனில் தேடலாம், ஆறு மாதம் சும்மாவும் இருக்கலாம். கீழே நான் சொல்லும் காத்திருப்புக் கணக்கு அவர்களுக்கு வேறு மாதிரி வரும்.

காத்திருந்தால்

வேலையை விட்டு அனுப்பும்போது சட்டப்படி என்ன வரும்? பூர்த்தியான ஒவ்வொரு வருட சேவைக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் நான்கு வார நோட்டீஸ். மாதம் 70,000 ரேண்ட் வாங்கி ஆறு வருடம் இருந்தவருக்கு ஈட்டுத்தொகை சுமார் 97,000 ரேண்ட். வாழ்நாள் கணக்கில் 5,50,000 ரேண்ட் வரை இதற்கு வரி இல்லை (2023 மார்ச்சிலிருந்து இந்த வரம்பு). கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்தது யூஐஎஃப், வேலையிழந்தவர்களுக்கான காப்பீட்டு நிதி. மாதாமாதம் சம்பளச் சீட்டில் பிடிக்கும் அந்த ஒரு சதவீதத்தை நம்பி இருப்பவர்கள் அதன் உச்சவரம்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். மாதம் 17,712 ரேண்டுக்கு மேல் நீங்கள் எவ்வளவு வாங்கினாலும் கணக்கில் வராது. நம் சம்பளத்தில் இருப்பவருக்கு அதில் 38 சதவீதம், அதாவது மாதம் 6,730 ரேண்ட் கிடைக்கும். வாடகை, பள்ளிக் கட்டணம், மெடிக்கல் எய்ட், கார் தவணை என்று மாதம் 45,000 ரேண்ட் செலவாகும் வீட்டில், இரண்டையும் சேர்த்தாலும் இரண்டரை மாதம் ஓடும். யூஐஎஃப் பணம் சொன்ன தேதிக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொண்டால்.

இதில் டிசம்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவில் இந்த நாடு கடையைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். ஜனவரி இரண்டாம் வாரம் வரை எந்த ஹெச்ஆரும் ஃபோன் எடுக்க மாட்டார். அக்டோபரில் நோட்டீஸ் வாங்கியவருக்கு உண்மையில் தேடக் கிடைப்பது ஆறு வாரம்.

வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்து, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ கையில் இருந்து, ஒன்றிரண்டு நல்ல பெயர்பெற்ற ப்ராடக்ட்டை முதலிலிருந்து கடைசி வரை நடத்திக் காட்டியவர் என்றால் காத்திருங்கள், தவறில்லை. மற்றவர்கள் காத்திருப்பது இலவு காத்த கிளி கதைதான்.

வங்கியும் காப்பீடும்

இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் நம் ஆட்கள் மட்டமாக நினைக்கிறார்கள். 'இத்தனை வருஷம் ரோட்மேப் போட்டுவிட்டு இப்போ போய் ரிக்வயர்மென்ட் எழுதுறதா?' என்று ஒருவர் என்னிடமே கேட்டார். ரோட்மேப் போட்ட நாட்களில் அவர் என்னதான் எழுதிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

ஸ்டாண்டர்ட் பேங்க், எஃப்என்பி, ஆப்ஸா, நெட்பேங்க், டிஸ்கவரி எல்லாம் ஜோஹானஸ்பர்க்கிலும் சாண்ட்டனிலும்தான் தலைமையகம் வைத்திருக்கின்றன. கேபிடெக் மட்டும் தள்ளி, ஸ்டெல்லன்போஷில். ஸ்டார்ட்அப்புகள் ஆள் எடுப்பதும் அனுப்புவதுமாக இருக்கும் காலத்தில் இவர்களிடம் வேலை நிற்பதில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம்: ரிசர்வ் வங்கியோ வேறொரு கட்டுப்பாட்டு அமைப்போ ஒரு விதியைக் கொண்டுவந்தால் அதற்குத் தேதி இருக்கும். மார்க்கெட் சரியில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

ஒரு உதாரணம். இந்த நாட்டில் 25-ம் தேதி வாக்கில் சம்பளம் விழும், விழுந்த கையோடு டெபிட் ஆர்டர்கள், அதாவது தவணை, பிரீமியம் எடுக்கக் கணக்கில் கொடுத்து வைத்த உத்தரவுகள், வரிசையாகப் பணத்தை இழுக்கும். யார் முதலில் இழுக்கிறார்கள் என்பதுதான் கடன் கொடுத்தவர்களுக்கு வாழ்வும் சாவும். கேட்காமலே இழுக்கும் மோசடி பெருகியதால் டெபிசெக் முறை வந்தது. பாலிசி எடுத்ததும் வாடிக்கையாளரின் ஃபோனுக்கு அவருடைய வங்கியிலிருந்து ஒரு செய்தி போகும், அவர் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மதுரைக்காரப் பெண், ப்ராடக்ட் மேனேஜர் வேலை போய் நான்கு மாதம் அலைந்த பிறகு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அனலிஸ்ட் இன்டர்வியூவுக்குப் போனார். கேட்ட முதல் கேள்வி: அந்தச் செய்திக்கு வாடிக்கையாளர் பதிலே அனுப்பவில்லை, அப்புறம்?

இந்தச் 'அப்புறம்' எவ்வளவு பெரியது பாருங்கள். சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுபடி செய்தி அனுப்பலாமா, எத்தனை முறை, எந்த நேரத்தில்? ஒப்புதல் வராமலே பாலிசி தொடங்கிவிட்டதா? முதல் பிரீமியம் வராத நிலையில் நடுவில் விபத்து நடந்தால் கிளெய்ம் உண்டா? கால் சென்டர்க்காரர் திரையில் எந்தச் சொல் தெரிய வேண்டும்? அந்தப் பெண் முன்பு பணப் பரிவர்த்தனை ஆப் ஒன்றைப் பார்த்தவர், அதனால் பதில் சொல்ல வந்தது. வேலையும் கிடைத்தது. இதை ப்ராடக்ட் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு வாதாட விருப்பமில்லை.

இப்படி ஒரு துறையின் உள்ளறை தெரிந்தவருக்கு அடுத்த வேலை அந்தத் துறையிலேயே கிடைக்கும். 2023 மார்ச்சில் பேஷாப் வந்தது, ஃபோன் எண்ணை வைத்தே பணம் அனுப்பும் வசதி. அப்போது ஒவ்வொரு வங்கிக்கும் பணப் பரிவர்த்தனை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. 'வாடிக்கையாளர் மீது பற்று கொண்டவன்' என்று சிவியில் எழுதியவரை யாரும் கூப்பிடவில்லை. ஆகவே விண்ணப்பிக்கும்போது சிவியின் முதல் பக்கத்திலிருந்து விஷன், ஸ்ட்ராட்டஜி எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு, கடன், காப்பீடு, பணப் பரிவர்த்தனை, கேஒய்சி (வாடிக்கையாளர் யாரென்று சரிபார்ப்பது) இவற்றில் நீங்கள் கைவைத்த இடங்களை மேலே ஏற்றுங்கள்.

குறைகள் இருக்கின்றன. ஒரு மாற்றம் வெளியே போக ஐந்து கமிட்டி. மாதக் கடைசியிலும் டிசம்பரிலும் எந்த மாற்றத்தையும் வெளியிடத் தடை. ப்ராடக்ட் ஓனர் என்று பெயர் வைத்து பேக்லாகை (செய்ய வேண்டிய வேலைப் பட்டியலை) மட்டும் கையில் கொடுப்பார்கள், லாப நஷ்டம் வேறொருவரிடம் இருக்கும். இன்னொன்றைப் பலர் வெளிப்படையாகப் பேசுவதில்லை: வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத் திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத் துறைவாரியாக இலக்கு உண்டு. இந்தியர் என்ற பிரிவு அந்த இலக்கில் இருக்கிறது, ஆனால் அது இந்நாட்டுக் குடிமக்களுக்கு. விசாவில் வந்த நாம் அதில் சேர மாட்டோம். வரலாற்றைப் பார்த்தால் அது நியாயம்தான், குறைப்படுவதற்கு ஒன்றுமில்லை. நிரந்தர இடத்தை விட ஒப்பந்த இடம் நமக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று புரிந்துகொண்டு தேடினால் நேரம் வீணாகாது.

மறுபடி கோடுக்கு

ஐந்தாறு வருடத்துக்கு முன்புவரை கோடு எழுதியவர்களுக்கு மட்டும் இது ஒரு வழி. கர்சர், லவபிள் மாதிரி செயற்கை நுண்ணறிவால் கோடு எழுதித் தரும் கருவிகள் வந்த பிறகு துருப்பிடித்த கை சீக்கிரம் திரும்பிவிடுகிறது. விசாவில் மென்பொருள் உருவாக்குநர் என்று இருப்பவருக்குத் தாளும் வேலையும் ஒத்துப்போகும் என்பது பெரிய வசதி. எது தேவை என்று தெரிந்து, அதைத் தானே கட்டியும் காட்டுபவருக்குச் சின்ன அணிகளில் மதிப்பு இருக்கிறது.

ஆனால் கருவி கட்டிக் கொடுத்த மாதிரியைப் பார்த்து மயங்கி, தான் என்ஜினியர் ஆகிவிட்டதாக நினைப்பவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். டெமோ ஓடும். இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டால் முகம் மாறும். 26 வயதுக்காரர்களோடு அதே தேர்வில் உட்காரவும் சம்பளத்தில் இரண்டு படி இறங்கவும் மனம் தயாராக இல்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சென்னை

ஊர் திரும்புவதைத் தோல்வியாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓஎம்ஆர் முழுக்க வெளிநாட்டு நிறுவனங்களின் திறன் மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன, அவற்றில் ப்ராடக்ட் இடங்களும் இருக்கின்றன. அதற்காக அங்கே பாலும் தேனும் ஓடுவதாக நினைக்க வேண்டாம். சென்னையில் பிறந்து வளர்ந்த மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸே 2024 நவம்பரில் சுமார் 660 பேரைக் குறைத்தது.

நமக்கு அங்கே ஒரு சாதகம் உண்டு, அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. இந்தியாவில் 90 நாள் நோட்டீஸ் சகஜம், ஆள் வந்து சேர மூன்று மாதம் காத்திருந்து கடைசியில் அவர் வராமல் போவதும் சகஜம். நான்கு வாரத்தில் வந்து சேருகிறேன் என்று சொல்லக்கூடிய ஆள் வரிசையில் முன்னே போவார். ஆனால் வேலையில் இருக்கும்போதே பேச வேண்டும். வேலை போய் மூன்று மாதம் கழித்துப் பேசினால், ரேண்டை ஐந்து ரூபாய்க்கு முன்னே பின்னே என்று மாற்றிப் பார்த்துவிட்டு, 'உங்க எதிர்பார்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி சார்' என்பார்கள்.

குழந்தைகள் இருந்தால் சம்பளத்துக்கு முன்னால் பள்ளிக் காலண்டரைப் பாருங்கள். இங்கே ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், அங்கே ஜூனில் தொடங்கும். டிசம்பரில் ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை அங்கே நடு வருடத்தில் போய் விழும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பக்கம் வந்துவிட்டால் இன்னும் கஷ்டம், சிபிஎஸ்இ பள்ளிகளில் பத்தாம் வகுப்பில் நேரே சேர்ப்பது லேசில் நடக்காது. இங்கே இரண்டாம் மொழியாக ஆஃப்ரிகான்ஸோ ஜூலுவோ படித்துவிட்டு, அங்கே 2006-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமான தமிழில் அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசுவது வேறு, பரீட்சை எழுதுவது வேறு. பிள்ளை ஆறாம் வகுப்புக்குள் இருந்தால் கிளம்பலாம். எட்டு, ஒன்பதில் இருந்தால் இங்கேயே மெட்ரிக் (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு) முடியும்வரை வங்கியில் ஒட்டிக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஐரோப்பிய நிறுவனத்துக்கு இங்கிருந்தே ரிமோட்டில் வேலை செய்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். நேர வித்தியாசம் லண்டனுக்கு ஒரு மணியோ இரண்டு மணியோதான், பேச்சும் எழுத்தும் ஆங்கிலத்திலேயே, எல்லாம் தோது. ஆனால் வேலை விசாவில் இருப்பவருக்கு அந்த விசா அனுமதிக்காத வேலை அது. குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் நல்ல வழி, மற்றவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.

கடிதம் வந்துவிட்டால்

மேலே சொன்னதில் எதை எடுத்தாலும், தொழிலாளர் உறவுகள் சட்டத்தின் 189-ம் பிரிவின் கீழ் ஆட்குறைப்பு ஆலோசனைக் கடிதம் வந்த நாளில் மானத்தை நினைத்து ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள். நீங்களாக விலகினால் ஈட்டுத்தொகையும் போகும், யூஐஎஃப்பும் போகும். அந்தக் கடிதம் ஆலோசனைக்கு அழைப்பு. ஏன் இந்தப் பதவி, யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள், என்ன அடிப்படையில், வேறு இடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

அப்போது அவர்கள் மாற்று இடம் ஒன்றைக் காட்டக்கூடும், பெரும்பாலும் அது அனலிஸ்ட் இடமாகத்தான் இருக்கும். இங்கே கவனம். நியாயமான மாற்று வேலையைத் தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் ஈட்டுத்தொகைக்கான உரிமை போய்விடும் என்று அடிப்படை வேலை நிலைமைகள் சட்டத்தின் 41-ம் பிரிவு சொல்கிறது. சம்பளமும் ஊரும் ஏறக்குறைய அதேதான், பெயர் மட்டும் இறங்குகிறது என்றால், 'நான் ப்ராடக்ட் மேனேஜர்' என்பது தகுந்த காரணமாக நிற்குமா என்று மறுக்கும் முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். நிற்காது என்பது என் எண்ணம்.